தட்டில் வந்த குதிரை

2013ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி என்று மேலுறையில் அச்சிட்டுக் கடைகளில் விற்கப்பட்ட 27 வகைப் பர்கர்களைச் சோதித்ததில், பத்து வகைகளில் குதிரையின் மரபணு இருந்தது. டெஸ்கோ கடைகளில் மலிவு வரிசையில் விற்ற ஒரு வகையில், இறைச்சிப் பகுதியில் 29 விழுக்காடு குதிரைக்கறி. அடுத்த மாதம் இங்கிலாந்தில் ஃபிண்டஸ் நிறுவனத்தின் லசான்யா சோதிக்கப்பட்டது. மாவுத் தகடுகளுக்கு இடையே கொத்துக்கறியைப் பரப்பி, உறைய வைத்து விற்கும் ஆயத்த உணவு அது. 18 பொட்டலங்களில் 11இல், மாட்டுக்கறி என்ற பெயரில் இருந்ததில் 60 முதல் 100 விழுக்காடு வரை குதிரைக்கறியே.

இங்கிலாந்து கொதித்தது. செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. சிலேடைகளும் நகைச்சுவைத் துணுக்குகளும் பறந்தன. ஆனால் அந்தக் கொதிப்பின் உள்ளே என்ன இருந்தது என்று உற்றுப் பார்த்தால், 'ஐயோ, குதிரையைத் தின்றுவிட்டோமே' என்னும் குமட்டலே மேலோங்கி நிற்கிறது. 'நம்மை ஏமாற்றிப் பொய் விற்றார்களே' என்னும் சினம் அதற்குப் பின்னால்தான் மூச்சிரைக்க ஓடி வந்தது. இந்த வரிசைதான் தவறு என்பது என் வாதம். குமட்டல் முந்திக்கொண்டதால், கேட்க வேண்டிய கேள்விகள் பல கேட்கப்படாமலே போயின.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே அயர்லாந்து ஆய்வின் அதே 27 வகைகளில், 23இல் பன்றியின் மரபணு இருந்தது. அளவு மிகச் சிறிதுதான். ஒரே ஆலையில் பலவகை இறைச்சி அரைபடும்போது ஒன்றோடொன்று கலந்த எச்சமாக அது இருக்கலாம். ஆயினும் ஓர் இசுலாமியருக்கோ யூதருக்கோ இது நாவின் விருப்பு வெறுப்பைச் சார்ந்த செய்தியன்று. இறைவனின் கட்டளையைச் சார்ந்தது. அந்தப் பிப்ரவரியிலேயே, இங்கிலாந்தின் சிறைகளில் இசுலாமியக் கைதிகளுக்கு ஹலால் என்று சொல்லி வழங்கப்பட்ட உணவிலும் பன்றியின் மரபணு கண்டறியப்பட்டது. வேறு உணவு வாங்கிக்கொள்ள வழியற்ற மனிதர்கள் அவர்கள். குதிரைக்காகக் கண்ணீர் வடித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சிறைக்கூடத்துத் தட்டை நினைத்தார்கள்?

குதிரையின் மீது அவ்வளவு அன்பு என்றால் அதையும் மதிக்கலாம். ஆனால் செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியவந்தது. இங்கிலாந்திலேயே குதிரைகளை அறுக்கும் கொட்டில்கள் இருந்தன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அங்கு அறுபட்ட குதிரைகளின் இறைச்சி, பெரும்பாலும் கடல் கடந்து பிரான்சு முதலிய நாடுகளின் தட்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பங்கீட்டு அட்டைக்கு வெளியே கிடைத்த குதிரைக்கறியை ஆங்கிலேயர் வாங்கித் தின்றதும் உண்டு. ஆக, குதிரையைக் கொல்வதில் தயக்கமில்லை, விற்பதில் தயக்கமில்லை, பசி வந்தால் தின்பதிலும் தயக்கமில்லை. பின் இந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது?

பதில் தேடப் புகுந்தால் நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்க நேரும். ஏறத்தாழ 732ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரியார், ஜெர்மானிய மக்களிடையே மறைப்பணி ஆற்றிவந்த புனித போனிபாசுக்கு ஒரு மடல் எழுதினார். அம்மக்களில் சிலர் காட்டுக் குதிரையையும் பலர் வீட்டுக் குதிரையையும் உண்கிறார்கள் என அறிந்து, அது தூய்மையற்றது, வெறுக்கத்தக்கது என்றும், எவ்வாறேனும் தடுத்து உரிய தவ ஒறுத்தல் விதிக்க வேண்டும் என்றும் பணித்தார். போனிபாசு பிறப்பால் ஆங்கிலேயர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தடைக்குக் காரணம் மடலில் விளக்கப்படவில்லை. வடபுலத்து மக்கள் தம் பழைய தெய்வங்களுக்குக் குதிரையைப் பலியிட்டு அதன் இறைச்சியை விருந்தாக உண்டனர். அந்தச் சடங்கிலிருந்து புதுக் கிறிஸ்தவர்களை விலக்கவே தடை வந்தது என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. ஐஸ்லாந்து மக்கள் 1000ஆம் ஆண்டையொட்டித் தம் பொதுமன்றத்தில் கிறிஸ்தவத்தை ஏற்றபோது, குதிரைக்கறி உண்ணும் வழக்கத்தை விட்டுத்தர மறுத்துச் சில விலக்குகளைக் கேட்டுப் பெற்றார்கள் என்பதும் வரலாறு. சில ஆண்டுகளில் அந்த விலக்கு நீக்கப்பட்டது. இன்றும் ஐஸ்லாந்தில் குதிரைக்கறி உண்கிறார்கள். அவர்களுடைய கிறிஸ்தவத்துக்கு அதனால் பழுது ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

ஒரு காலத்து மறைப்பணித் தேவைக்காகச் சொல்லப்பட்டது, காலம் போகப் போக, காரணம் மறந்து வெறுப்பு மட்டும் மிஞ்சிய ஒன்றாகிவிட்டது. வெறுப்புக்குத் தன் பிறப்புச் சான்றிதழை மறைத்துக்கொள்ளத் தெரியும். இயற்கையே தன்னைப் பெற்றெடுத்தது போல அது நடமாடும். நமக்கும் குதிரைக்கறி என்றதும் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. ஐயனார் கோயில் மண்குதிரையும், வாளேந்திய சந்தியாகப்பர் ஏறிவரும் வெண்குதிரையும் கண்முன் நிற்கும்போது கறியை யார் நினைப்பார்? அந்தச் சுளிப்பில் பிழை இல்லை. அதையே அறம் என்று எண்ணிக்கொள்வதில்தான் பிழை. இத்தாலியின் வெரோனா நகரத்துக் கத்தோலிக்கருக்குத் திராட்சை இரசத்தில் வெந்த குதிரைக்கறி மரபுவழி வந்த உணவு. கசாக்கியருக்கு அது விருந்தினரை மதிக்கும் முறை. ஜப்பானின் குமமோட்டோவில் பச்சையாகவே மெல்லிய துண்டுகளாக்கி உண்பார்கள்.

திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். யோப்பாவில் பேதுரு நண்பகலில் பசியோடு மாடியில் இருக்கையில், எல்லாவகை விலங்குகளும் நிறைந்த விரிப்பு வானிலிருந்து இறங்குகிறது. தீட்டானதை உண்ணேன் என்று அவர் மறுக்கிறார். மூன்றுமுறை அது நிகழ்கிறது. அதன் பொருள், கொர்னேலியு அனுப்பிய பிற இனத்தார் வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விளங்குகிறது. விரிப்பில் இருந்தவை விலங்குகள். விளங்கியதோ மனிதரைப் பற்றிய பாடம். இதைப் பற்றி மறையுரைகள் பல கேட்டிருக்கிறேன். ஆனால் பேதுரு தங்கியிருந்தது யார் வீட்டில் என்பதில் நின்று பேசியவர் மிகச் சிலரே. அது தோல் பதனிடும் சீமோனின் வீடு. செத்த விலங்கின் தோலைத் தொட்டு உழைப்பவன் வீட்டு மாடியில்தான் திருச்சபைக்கு இந்தப் பாடம் சொல்லப்பட்டது. தோல் பதனிடும் தொழில் நடக்கும் நம் ஊர்களில் இருப்பவர்களுக்கு அதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மாட்டிறைச்சி உண்பவர் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குபவரைச் சமையலறை வாசலிலேயே நிறுத்திவைக்கும் வழக்கம் நம் பங்குகளில் முற்றாக ஒழிந்துவிட்டதாக யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலேயரின் குதிரை அருவருப்பைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை.

பிரான்சில் அந்த வெறுப்பை உடைக்கப் பாடுபட்டவர்களை நினைத்துப் பார்க்கலாம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, 1809இல் ஆஸ்பெர்ன் போருக்குப் பின் காயமுற்றவர்களுக்குக் குதிரைக்கறியில் சாறு காய்ச்சிக் கொடுத்தார். பாத்திரம் இல்லாமல் குதிரைவீரரின் மார்புக் கவசங்களே சட்டியாயின. உப்பு இல்லாமல் வெடிமருந்து உப்பாயிற்று. விலங்கியல் அறிஞர் இசிதோர் ஜொஃப்ருவா சேந்திலேர் 1856இல் இதற்காக ஒரு நூலே எழுதினார். உழைப்பாளர் இறைச்சியைக் கண்ணால் காணாதிருக்க, நல்ல இறைச்சி வீணாகிறது என்பது அவர் வாதம். 1866இல் பாரிசில் குதிரைக்கறிக் கடைகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கடைகளின் முகப்பில் குதிரைத் தலைச் சிற்பம் இருக்கும். நான் வற்புறுத்த விரும்புவது அந்தத் தலையைத்தான். உள்ளே என்ன விற்கிறோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டியவர் வந்தார், வேண்டாதவர் கடந்து போனார்.

இங்கே அறிவாளிகள் சிலர் குறுக்கிடுவார்கள். 'இறைச்சி இறைச்சிதானே, மாடாயிருந்தால் என்ன, குதிரையாயிருந்தால் என்ன, எதற்கு இந்தக் கூச்சல்?' என்பார்கள். குமட்டியவர்களைவிட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். குதிரைகளின் வலி தணிக்கக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் என்னும் மருந்து, மனித உணவாகும் விலங்குக்குக் கொடுக்கக்கூடாதது. பிரிட்டனில் அந்த ஆண்டு சோதித்த 206 குதிரை உடல்களில் எட்டில் அது இருந்தது. எஞ்சிய அளவு மிகக் குறைவு, ஆபத்து அற்பம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், நம்புகிறேன். ஆனால் பெயரைப் பொய்யாக்கியவன், அந்த விலங்கு எங்கே வளர்ந்தது, என்ன மருந்து உண்டது என்ற வரலாற்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறான். இம்முறை அற்பமாயிருந்தது தற்செயல். லங்காஷயர் பகுதியில் மட்டும் 47 பள்ளிகளுக்குப் போன உணவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தைகள் எந்தக் கடையில் வாங்குவது என்று தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்.

குமட்டலுக்கு உடனே ஒரு குற்றவாளி வேண்டும். அந்நியன் கிடைத்தால் வசதி. ருமேனியாவை நோக்கி விரல்கள் நீண்டன. ஏழை நாடு, குதிரைவண்டி ஓடும் நாடு, வேறென்ன செய்வார்கள் என்ற தொனி. ருமேனியக் கொட்டில்களோ குதிரையைக் குதிரை என்றே எழுதி விற்றிருந்தன. அங்கிருந்து கிளம்பிய இறைச்சி சைப்ரஸ், நெதர்லாந்து வணிகர்களின் தாள்களில் கைமாறி, தென் பிரான்சில் இருந்த ஒரு நிறுவனத்தில் மாடாக மாறி, லக்சம்பர்க்கில் இருந்த ஆலையில் லசான்யா ஆயிற்று. அந்நிறுவனத்திலிருந்து சென்ற இறைச்சி 13 நாடுகளில் 45 இலட்சம் பொட்டலங்களில் புகுந்ததாகப் பிரெஞ்சு அரசின் விசாரணை கூறியது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் தண்டித்தவர்களில் முதன்மையானவர்கள் ஒரு டச்சு வணிகரும், அந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின் முன்னாள் தலைவரும். அந்த டச்சு வணிகருக்கு இரண்டாண்டுச் சிறை. ஆறாண்டுகள் கழித்து வந்த அந்தத் தீர்ப்பு, முதல் வாரத்துச் சிலேடைகளில் பத்தில் ஒரு பங்கு இடம்கூடப் பெறவில்லை.

கடைசியாக, ஜெர்மனியில் எழுந்த ஒரு விவாதம். கடைகளிலிருந்து திரும்பப் பெற்ற குதிரைக்கறி லசான்யாவை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சொல்ல, வளர்ச்சித்துறை அமைச்சர் டிர்க் நீபெல் ஆதரித்தார். உலகில் கோடிக்கணக்கானோர் பட்டினி கிடக்கையில் நல்ல உணவைக் குப்பையில் கொட்டலாமா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது; அந்த விலங்கு ஏற்கெனவே செத்துவிட்டது, அதன் உயிரை மறுபடியும் வீணாக்குவது பாவம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஏழைகளை இழிவுபடுத்தும் யோசனை என்று எழுந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. நமக்குக் குமட்டுவது அவர்களுக்குப் போதும் என்னும் நினைப்பை எங்கள் பங்கிலும் கண்டிருக்கிறேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் திரட்டும் அரிசியில், வண்டு விழுந்த பையைச் சிலர் கூசாமல் கொண்டுவந்து வைப்பார்கள். பெற்றுக்கொள்ள வந்த கைம்பெண் ஒருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இத நீங்க பொங்கிச் சாப்பிடுவீங்களாய்யா?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த லசான்யாவுக்குச் செய்யத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மருந்து எச்சம் இல்லையென உறுதி செய்து, மேலுறையில் குதிரை என்று பெரிதாக எழுதி, விலையைக் குறைத்து, எல்லாரும் வாங்கும் அதே கடையில், அதே அலமாரியில் வைத்திருக்க வேண்டும். அமைச்சரும் வாங்கலாம், அன்றாடங் காய்ச்சியும் வாங்கலாம். இருவருமே வேண்டாமென்று விட்டும் போகலாம்.