பக்கத்து போனில் ஓப்பன் ஆகும் தளம் உங்க போனில் ஏன் ஆகல? லினக்ஸ் தூக்கி எறிந்த ஒரு செட்டிங்கின் கதை

அருப்புக்கோட்டை பக்கம் பாலவனத்தத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறுவனத்தின் சிம், ஒரே டவர். ஒருவர் போனில் விண்ணப்பத் தளம் உடனே திறக்கிறது. இன்னொருவர் போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டவர் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் கோளாறு தளத்தின் சர்வரில் இருக்கலாம். இப்படியொரு கோளாறுக்குக் காரணமான ஒரு செட்டிங்கை லினக்ஸ் 2017-ல் ஒரேயடியாக நீக்கியது. அதன் பெயர் 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்'.

எதற்காக வந்தது இந்த செட்டிங்?

ஒரு இணைப்பு முடிந்ததும், அதை முடித்து வைத்த பக்கம் சுமார் 60 விநாடி அதை நினைவில் வைத்திருக்கும். தாமதமாக வரும் பழைய தகவல் புது இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கூட்டம் அதிகமான சர்வரில் இப்படிக் காத்திருக்கும் இணைப்புகள் ஆயிரக்கணக்கில் சேரும். அவற்றைச் சீக்கிரம் கழித்துக்கட்டத்தான் இந்த செட்டிங். லினக்ஸில் இது ஆஃப் ஆகவே வரும். 'சர்வர் வேகமாகும்' என்ற டிப்ஸைப் பார்த்து, பலர் இதை ஆன் செய்தார்கள்.

சிக்கல் எங்கே?

போன் அனுப்பும் தகவலில் ஒரு நேர எண் இருக்கும். செட்டிங் ஆன் ஆனதும், ஒவ்வொரு ஐபி முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த எண்ணை சர்வர் குறித்து வைக்கும். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் அதே முகவரியிலிருந்து அதைவிடச் சிறிய எண் வந்தால், 'இது பழசு' என்று சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மறுப்புப் பதில் கூட வராது.

ஒரு முகவரிக்கு ஒரு கருவி என்றால் இது சரி. ஆனால் ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் பகுதிக்கான தாராள ஒதுக்கீடு 2011 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பல குடும்பங்கள் இருக்கும் காம்பவுண்ட் வீட்டுக்கு ஒரே கதவு எண் இருப்பது போலத்தான் இது.

பழைய போன்களில் நேர எண், போன் ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தது. பத்து நாளாக ஓடும் போனின் எண் பெரிசு, இன்று ஆன் செய்த போனின் எண் சிறிசு. பெரிய எண்காரர் முதலில் போனால் சின்ன எண்காரருக்குக் கதவு சாத்தப்படும். 'போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற வழக்கமான வைத்தியம் இங்கே நிலைமையை இன்னும் மோசமாக்கும்!

ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் வழக்கமாக இந்த நேர எண்ணை அனுப்புவதில்லை. ஆகவே அலுவலகத்தில் உட்கார்ந்து தளத்தைச் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பாதிக்கப்படுவது போனை மட்டுமே நம்பியிருக்கும் ஆட்கள்தான்.

லினக்ஸ் என்ன செய்தது?

மக்கள் பயன்படுத்தும் எதையும் உடைக்கக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாகப் பிடிக்கும் விதி. அதனால் பழைய செட்டிங்குகள் எளிதில் நீங்காது. ஆனால் 2017 பிப்ரவரியில் வந்த 4.10 பதிப்பு, பாதுகாப்புக்காக ஒவ்வொரு இணைப்புக்கும் நேர எண்ணைத் தாறுமாறாகத் தொடங்க வைத்தது. இதனால் ஒரே கருவியின் எண்கள் கூட வரிசையாக வராது. அதாவது, முகவரி பகிர்வு இருந்தால் மட்டும் கெட்டுக் கிடந்த செட்டிங், இப்போது எல்லோருக்கும் கெட்டது. இதைச் சுட்டிக்காட்டி கூகுள் பொறியாளர் சொஹைல் ஹசாஸ் யெகானே நீக்கும் மாற்றத்தை அனுப்பினார். 2017 ஜூலையில் வந்த 4.12 பதிப்பில் செட்டிங் காணாமல் போனது.

அப்போ பிரச்சினை முடிஞ்சதா?

முழுசா இல்லை. பல சர்வர்களில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7, அதற்கு முந்தைய 3.10 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் நின்றுவிட்டது. ஆதரவு நின்றதால் மெஷின் தானாக நிற்காது. அப்படி ஓடும் சர்வரில் யாரோ என்றோ ஆன் செய்த செட்டிங் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

புது லினக்ஸுக்கு மாறும்போது பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்தால், 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று எரர் வரும். அந்த வரியை அழித்தால் போதும். சர்வரே வெளியே தொடங்கும் இணைப்புகளுக்கு 'டிடபிள்யூ ரீயூஸ்' என்ற வேறு செட்டிங் இருக்கிறது.

வேலை செய்யாத ஸ்விட்சைச் சுவரில் விட்டுவைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இது, தட்டினால் பக்கத்து வீட்டில் கரண்ட் போகும் ஸ்விட்ச். தட்டியவருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால்தான் எச்சரிக்கை எழுதி ஒட்டியதோடு நிற்காமல், கழற்றியே எடுத்துவிட்டார்கள். அரசு, வங்கி சேவைகளைப் போன் வழியாகத் தருபவர்கள், கிராமத்தில் ஒரு மொபைல் டேட்டா இணைப்பிலிருந்தும் தங்கள் தளத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.