'எப்போது' என்னும் வினாவும் கிரேக்கம் பயிலும் முறையும்

கிரேக்க பாஷை கற்கத் தொடங்கும் நம் மாணாக்கர் பெரும்பாலும் ஆங்கில இலக்கண நூல்களையே துணைக்கொள்ளுகின்றனர். அதனால், தாய்மொழி ஒரு நொடியில் தீர்த்துவைக்கக்கூடிய ஐயங்களில் அவர்கள் நெடுநாள் உழல நேரிடுகின்றது என்பது நமது அபிப்பிராயம். காலத்தை வினவுஞ் சொற்களை இதற்கு உதாரணமாகக் காட்டுவோம்.

'எப்போது?' என வினவக் கிரேக்கர் வழங்குஞ் சொல் 'பொத்தெ'. 'அப்போது' என்பதற்கு 'தொத்தெ'. 'அவன் வந்தபோது' என்று தொடருமிடத்து 'ஹொத்தெ'. ஆங்கிலத்திலோ 'வென்' என்னும் ஒரே சொல் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பொதுவாய் நிற்கின்றது. அச்சொல்லை நடுவே வைத்துப் பயின்றமையால், வினாச்சொல் நிற்கவேண்டிய இடத்தில் மற்றையதை எழுதி நாமும் பன்முறை நாணியதுண்டு. தமிழில் நினைத்திருப்போமாயின் இப்பிழைக்கு இடமேது? எகரம் வினாவுக்கும் அகரம் சுட்டுக்கும் உரியன என்பதை நம் சிறுவரும் அறிவர். கிரேக்கத்தில் அவ்விடங்களைப் பகரமும் தகரமும் பெறுகின்றன, இவ்வளவே வேற்றுமை.

இன்னும் ஒன்று. 'பொத்தெ' என்பதன் முதலசையை எடுத்தொலித்தால் 'எப்போது' என்று பொருள். ஈற்றசையை எடுத்தொலித்தால் 'எப்போதோ ஒருகால்' என்று பொருள். நாம் ஓகாரம் சேர்த்துச் செய்வதைக் கிரேக்கர் ஒலியை இடம் மாற்றிச் செய்தனர். இக்காலக் கிரேக்கத்தில் பின்னது தனித்து நிற்பின் 'ஒருபோதும் இல்லை' என்றே பொருள்படும். 1982ஆம் ஆண்டில் கிரேக்க தேசத்தார் பழைய ஒலிக்குறிகளை நீக்கியபோதும், அசையழுத்தங் காட்டும் ஒரு குறியை மட்டும் விடாது வைத்துக்கொண்டனர். ஆதலின் அக்குறியை அலங்காரமென்றெண்ணி விட்டெழுதும் மாணாக்கர் சொல்லையே மாற்றிவிடுகின்றனர் என்றறிக.

நாளில் எந்நேரம் என வினவ 'பேனிகா' என்றொரு சொல் உண்டு. கி.மு. 399இல் மரணதண்டனைக்குள்ளான சாக்ரடீஸ், சிறையில் கண்விழித்துத் தம் நண்பரிடம் இச்சொல்லாலேயே நேரங் கேட்பதாகப் பிளேட்டோ தமது 'கிரிட்டோ' என்னும் நூலில் அமைத்திருக்கின்றார். விடியுமுன் வந்த நண்பர், விடியலின் தொடக்கமென விடையிறுக்கின்றார். 'எத்தனை முறை' என்பதற்குரியது 'பொசாக்கிஸ்'. சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவுமிடத்து மத்தேயு சுவிசேஷத்தில் வருவது இதுவே.

வினாவோடு விடையையுஞ் சேர்த்துக் கற்றல் வேண்டும். எத்தனை நாள் என்பதற்கு இரண்டாம் வேற்றுமையும், எந்நாளில் என்பதற்கு நான்காம் வேற்றுமையும், எக்காலத்தினுள் என்பதற்கு ஆறாம் வேற்றுமையும் விடையில் வருதல் கிரேக்க மரபு. அட்டவணையை மனனஞ் செய்தவர் இதனை விரைவில் மறப்பர்; ஒருவரையொருவர் வினவி விடையிறுத்துப் பழகியவர் மறவார்.

சிறந்த அகராதிகளும் உரைகளும் ஆங்கிலத்தில் இருக்க, தமிழை இடையிற் புகுத்துவானேன் என்பார் சிலர். அந்நூல்களை நாம் விலக்கச் சொல்லவில்லை. அவற்றைத் திறக்குமுன், தம் மொழியில் அவ்வினாவை ஒருமுறை கேட்டுப் பார்க்கும்படியே மாணாக்கரை வேண்டுகின்றோம். வீட்டிலுள்ள விளக்கை ஏற்றாமல் அயலார் வீட்டு வெளிச்சத்தில் படிப்பது நமக்கு அழகன்று.