எந்த 15?

கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டில் இளம் தாய் ஒருவர் கிணற்றுநீர்ப் பரிசோதனை அறிக்கையை எடுத்து வந்து நீட்டினார். ‘நைத்திரேற்று: 15 மி.கி./லீ.’ மடியில் புட்டிப்பால் குடிக்கும் மூன்று மாதப் பிள்ளை. “நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் ஐயா மா கரைக்கிறன்” என்றார். சுடுதண்ணிப் போத்தலையும் திறந்து காட்டினார்.

அந்தத் தாளில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. 15 என்பது நைத்திரேற்றாகவா, நைத்திரேற்றில் உள்ள நைதரசனாகவா? முதலாவது என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 50 என்ற எல்லைக்குள் தண்ணீர் தாராளமாக நிற்கிறது. இரண்டாவது என்றால் 4.43ஆல் பெருக்க வேண்டும்; 66 ஆகிவிடும். ஆய்வுகூடத்துக்கு அழைத்துக் கேட்டேன். இரண்டாவதுதான்.

வலிகாமத்தில் வேலை செய்யும் எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமாய்ச் சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட யூரியாவில் பயிர் எடுக்காமல் விட்டது மாரி மழையோடு இறங்குகிறது. மலசலகூடக் குழியின் கசிவும் அதே வழியில்தான் வருகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி விட்டாலும், வெடிப்பு வழியே ஓடும் நீருக்கு அது பெரிய தூரமில்லை. உவர் இல்லாத கிணற்றை நாங்கள் ‘நல்ல தண்ணிக் கிணறு’ என்கிறோம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்கிலும் பிடிபடாது. அந்தப் பெயரை நம்பித்தான் சனம் குடிக்கிறது.

கொதிக்க வைக்கச் சொன்னவர்கள் நாங்கள்தான். வயிற்றோட்டக் கிருமிக்கு அது சரியான சொல். நைத்திரேற்று ஆவியாகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குளோரின் போட்டாலும், மெழுகுதிரி வடிகட்டியில் விட்டாலும் அது அப்படியே இருக்கும். அயோவாப் பண்ணை வீடுகளில் நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரில் பால் கரைத்துக் குடித்த சிசுக்கள் நீலம் பாரித்ததை ஹண்டர் கொம்லி என்ற மருத்துவர் 1945இல் எழுதினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும், பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று ஒரு தாய் அந்தத் தண்ணீரைக் கூடுதல் நேரம் கொதிக்க விடுகிறார் என்றால், பிழை எங்கள் பக்கம்.

ஆகவே களத்தில் நிற்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கையைக் கொடுக்கும்போது முதலில் கேளுங்கள்: வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை இருக்கிறதா, தாய்ப்பாலா புட்டிப்பாலா? தாய்ப்பால் என்றால் அதை விடாமல் தொடரச் சொல்லுங்கள். புட்டிப்பால் என்றால், மா கரைக்க மட்டுமாவது, பரிசோதித்து நைத்திரேற்றுக் குறைவென்று தெரிந்த வேறு நீரைக் காட்டிவிடுங்கள். அதைக் கொதிக்க வைத்தே பாவிக்கச் சொல்லுங்கள். கோடையில் எடுத்த ஒரு மாதிரியோடு கோப்பை மூடாமல், மாரி தொடங்கிய பின்னும் அதே கிணற்றில் ஒன்று எடுங்கள்.

எங்கள் பங்குக்கும் ஒன்று. அடுத்த இதழிலிருந்து, ‘நைத்திரேற்றாக’ அல்லது ‘நைதரசனாக’ என்று குறிக்காத அட்டவணையோடு வரும் கட்டுரை, யார் எழுதியதானாலும், திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்படும்.