இளம் பிள்ளைக்கும் பாரிசவாதம்



பாரிசவாதம் என்றால் வயது போனவர்களின் வருத்தம் என்றுதான் நாங்கள் நினைத்து வந்திருக்கிறோம். பிறஷர், சீனி உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று கிளினிக்கிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் ‘ஐஸ்’ பாவிக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கும் அது வரலாம். மாதர் சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னால் தாய்மார் நம்புவதில்லை. “போதை மூளையைக் குழப்பும் எண்டு தெரியும் பிள்ளை, கை காலையும் இழுக்குமோ?” என்று கேட்கிறார்கள். நான் வைத்தியர் அல்ல, சமூகவியல் படித்தவள். என்றாலும் இது தாய்மார் அறிந்திருக்க வேண்டிய விடயம்.

மூளை எங்கள் உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் பாவிக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். அதைச் சேமித்து வைக்கவும் மூளைக்கு முடியாது. இரத்தம் நின்றால் சில வினாடிகளில் மயக்கம். சில நிமிடங்களில் மூளைக் கலங்கள் சாகத் தொடங்கும். குளத்தை நம்பி வயல் செய்தவர்களுக்கு இது விளங்கும். வாய்க்கால் ஒடுங்கினால் கடைசி வயல் காயும். அளவுக்கு மிஞ்சித் திறந்தால் கரை உடையும்.

ஐஸ் இரண்டையும் செய்யும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதேவேளை இதயத்தை விரட்டி இரத்த அழுத்தத்தை ஏற்றும். நாட்பட்ட பாவனையில் குழாய்ச் சுவரும் பழுதாகும். ஒன்றில் குழாய் அடைபடும், அல்லது வெடித்து மூளைக்குள் இரத்தம் கசியும்.

ஹெரோயின் வேறு விதம். அது சுவாசத்தை மந்தமாக்கும். இரத்தம் ஓடும், அதில் போதிய ஒட்சிசன் இராது. பிள்ளை குறட்டை விட்டுக் கிடப்பான், உதடு நீலம் பாயும். “கனநாளைக்குப் பிறகு நல்லா நித்திரை கொள்ளுறான்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும் தாய்மார் இருக்கிறார்கள். தட்டியும் எழும்பாவிட்டால் அது நித்திரை அல்ல. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே உதவிக்கு அழையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா 2009இல் கணவனை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஒரு இரவு மூத்தவனுக்குத் தலை பிளக்கிற மாதிரி இடி, சத்தி. வலக்கை தூக்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்தியர், “ஏதும் பாவிக்கிறவரோ?” என்று கேட்டபோது, தெரிந்திருந்தும் “இல்லை” என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் பின்னேரந்தான் உண்மையைச் சொன்னார்.

“தகப்பன் இல்லாத வளர்ப்பு எண்டுதானே சனம் சொல்லும் தங்கச்சி.”

சனம் அப்படித்தான் சொன்னது. தூளைக் கொண்டுவந்து விற்றவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகன் இப்போது தடியூன்றி நடக்கிறான், சொற்கள் மெதுவாக வருகின்றன. இடியப்ப உரலைப் பிழிய இடக்கையால் உதவுகிறான்.

வைத்தியர் கேட்பது குற்றம் பிடிக்க அல்ல. என்ன பாவித்தான் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறலாம். ஹெரோயின் என்றால் அதன் வேகத்தை முறிக்க நலொக்சோன் என்ற மருந்து உண்டு.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால், அல்லது என்றுமில்லாத தலையிடி திடீரென வந்தால் விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்படுவது. அடைப்பா, கசிவா என்பது ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். ஆகவே வீட்டில் டிஸ்பிரின் கரைத்துக் கொடுக்க வேண்டாம். கசிவாக இருந்தால் அது இரத்தப் போக்கைக் கூட்டும். தேத்தண்ணி, சோடா ஒன்றும் பருக்கவும் வேண்டாம், புரையேறிவிடும்.

பாவனையை நிறுத்த உதவி தேவைப்படுவோர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துடன் கதைக்கலாம். பிள்ளை வர மறுத்தாலும், முதலில் நீங்கள் தனியே அழைத்துக் கேட்கலாம்.