ஒரு டாலர் கடிகாரம் போதும்

பாஸ்டன்ல நண்பர் ஒருத்தர் ரெண்டு வருஷமா பாய்மரப் படகை ரெடி பண்றார், பண்றார், பண்ணிக்கிட்டே இருக்கார். கரையோரமா நோவா ஸ்கோஷியா வரை போகணுமாம். கேட்டா, "இன்னும் பெரிய ஜிபிஎஸ் திரை வரலை"ம்பார்.

1895ல அதே ஊர்லேர்ந்து அதே பக்கம் கிளம்பினார் ஜோஷுவா ஸ்லோக்கம். மக்கிப்போன 'ஸ்ப்ரே' படகை 13 மாசம் உழைச்சுப் புதுசாக்கினவர், குரோனோமீட்டரைச் சரிபார்க்க 15 டாலர்னதும் வேணாம்னுட்டார். நோவா ஸ்கோஷியாவுல முகப்பு உடைஞ்ச தகரக் கடிகாரம் ஒண்ணு, ஒரு டாலருக்கு. அதோட தனியாளா உலகத்தையே சுத்திட்டு 1898ல திரும்பினார்.

என் கட்சி இதுதான்: அடிப்பலகை, பாய், நங்கூரத்துல கஞ்சத்தனம் வேணாம். மிச்சத்தை வழித் துறைமுகத்துல பார்த்துக்கலாம்.

கிளம்பறப்ப ஸ்லோக்கமுக்கு 51. நண்பருக்கு 63. கூட வர்றேன்னு சொன்ன எனக்கும் வயசு ஏறுதே, சாமி!