பலகையில் மட்டுமா ஹலால்?

குகைத் தோழர்களின் வரலாற்றை வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதி வருகிறோம். நெடுந்துயிலினின்று விழித்தெழுந்த அந்த இளைஞர்கள், பசி மேலிட்டபோது, தங்களுள் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து நகருக்கு அனுப்பினார்கள். கையில் கிடைத்ததை வாங்கி வரும்படி அவர்கள் சொல்லவில்லை. எந்த உணவு மிகத் தூயது என்று பார்த்து வாங்கி வரும்படியே பணித்தார்கள். உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். பசியால் வாடியவர்கள். அந்நிலையிலும் தூய்மையைத் தேடினார்கள். அச்சமும் பசியும் இல்லாத நாமோ, கடை வாயிலில் பச்சை வண்ணத்தில் ஒரே ஒரு சொல்லைக் கண்டதும், தேடுவதை நிறுத்திவிட்டு இலையின் முன் அமர்ந்துவிடுகிறோம்.

அந்தச் சொல் ‘ஹலால்’. அதைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுகிறோம். கசப்பாகச் சில சொல்ல நேரும், பொறுத்தருள்க.

அரபு மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் நமக்கு வெளியூர்ப் பயணம் அடிக்கடி வாய்ப்பதில்லை. சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின், விடுமுறை நாள்களில், பழைய மாணவர் பலர் தம் இல்லத் திருமணங்களுக்கு அழைத்திருந்தனர். ஆம்பூருக்குப் போனோம், நாகூருக்குப் போனோம், இடையில் பல ஊர்களில் பேருந்து மாறினோம். திருமண விருந்து ஒரு வேளை. மற்ற வேளைகளில் உணவுக்கடைதான். ஏறத்தாழ ஒரு மாத காலம் இவ்வாறு கடைக்குக் கடை உண்டு பார்த்ததில் நாம் கண்டவற்றை ஒளிக்காமல் கூறுகிறோம்.

முதலில் நல்லதைச் சொல்வோம். ஆம்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த சிறு கடையில் மதிய உணவு உண்டோம். ஊறவைத்து அரைத்த வற்றல் மிளகாயின் செம்மையன்றி வேறு சாயம் அந்தச் சோற்றில் இல்லை. சீரகச் சம்பா அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தது. விறகடுப்பில் ஆக்கி, மூடியின் மேல் தணல் இட்டுத் தம் போட்ட தேக்சாவை நம் கண்ணெதிரே திறந்தார்கள். கூடவே கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும். நம் பின்னே வந்து நின்றவர்களிடம் கடைக்காரர், “தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள்” என்றார். அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை. மீந்ததைச் சுடவைத்து இரவுக்கு விற்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மீதமாகும்படி அவர் ஆக்குவதும் இல்லை.

நாகூரில் தெருவோரத்தில் ஓர் அம்மையார் இறால் வாடா சுட்டுக்கொண்டிருந்தார். வாடாவின் நிறமே எண்ணெயின் புதுமையைச் சொல்லிற்று. “நேற்றைய எண்ணெய் என்ன ஆயிற்றம்மா?” என்று கேட்டோம். “நேற்றோடு போயிற்று ஹஜ்ரத்” என்றார். அவர் கடையில் பலகையே கிடையாது.

இனி மற்றவை. நெடுஞ்சாலையோரம் பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் கொண்ட ஒரு பெருங்கடை. வாயிலில் மினாராவின் படம். அதன் கீழே அரபு எழுத்தில் பெரியதொரு பெயர்ப்பலகை. ஓதிக்கொடுப்பவர் கண் எழுத்தைத்தானே முதலில் பார்க்கும்? ‘ஹலால்’ என்று எழுத நினைத்தவர்கள் ஒரு ‘ஹா’வுக்குப் பதிலாக மற்றொரு ‘ஹா’வைப் போட்டிருந்தார்கள். அதனால் அச்சொல் ‘ஹிலால்’ ஆகிவிட்டது. ஹிலால் என்றால் பிறை. சிரித்துக்கொண்டே உள்ளே போனோம், சிரிப்பு நீடிக்கவில்லை. சோறு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் இருந்தது. இருமுறை சவர்க்காரம் இட்டுக் கழுவிய பின்பும் விரல் நுனியில் சாயம் நின்றது. இறைச்சி என்று வைத்தவற்றுள் எலும்பே மிகுதி. தால்ச்சா புளித்திருந்தது, பருப்பின் புளிப்பு வேறு, பழையதன் புளிப்பு வேறு என்பதை அறியாத நாவா நமது? மேசை துடைத்த அதே துணியால் தட்டையும் துடைத்தார்கள். பிறை தெரிந்தது, பெருநாள்தான் வரவில்லை.

மற்றோர் ஊரில் பேருந்து நிலையத்தை அடுத்திருந்த சைவ உணவுக்கடை ஒன்றில் காலையுணவு. நமக்கு அருகே அமர்ந்திருந்த ஒருவர் சட்னி கெட்டிருப்பதாகச் சொன்னார். கடை உரிமையாளர் எழுந்து வந்து, தாமே ஒரு துளி வாயிலிட்டுப் பார்த்து, வாளியோடு எடுத்துக் கொட்டச் செய்தார். அவரிடம் காசு வாங்கவும் இல்லை. ஹலால் பலகை இல்லாத கடை அது; ஹலாலின் பாதி அங்கேதான் இருந்தது.

ஏன் பாதி என்கிறோம்? திருமறையில் நான்கு இடங்களில், உண்பது பற்றிய கட்டளையில், ஹலால் என்ற சொல்லோடு ‘தய்யிப்’ என்ற சொல்லும் இணைந்தே வருகிறது. தய்யிப் என்றால் நல்லது, தூயது. அறுத்த கத்தி ஹலாலுக்குச் சான்று சொல்லலாம். தய்யிபுக்கு அது சான்றாகாது. கெட்டுப்போன இறைச்சியையும், கறுத்த எண்ணெயையும், துணிக்கு ஏற்றும் சாயத்தையும் பிஸ்மி தூய்மையாக்கிவிடும் என்று எந்தச் சட்டநூல் சொல்கிறது? அல்லாஹ் இணைத்த இரு சொற்களுள் ஒன்றைப் பலகையில் ஏற்றி, மற்றொன்றை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். இதுவே நம் வழக்கின் சாரம்.

இவ்வாறு பேசத் தொடங்கினால் உடனே மூன்று மறுப்புகள் எழும். மூன்றையும் நாம் கேட்டிருக்கிறோம்.

முதல் மறுப்பு மார்க்கத்தின் பெயரால் வருவது: “நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லையே, விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்களே, நீர் ஏன் குறை சொல்கிறீர்?” உண்மைதான். உடும்பு இறைச்சி முன்னே வைக்கப்பட்டபோது அவர்கள் உண்ணவில்லை. அருகிருந்த காலித் பின் வலீத் (ரலி) உண்டதைத் தடுக்கவும் இல்லை. அது சுவை பற்றிய செய்தி, விருந்தோம்பலின் ஒழுக்கம். ஆனால் அதே நபிகள் நாயகம் கடைவீதியில் நடந்து சென்றபோது தானியக் குவியல் ஒன்றில் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதென வணிகர் காரணம் சொன்னார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். வஞ்சிப்பவருக்கும் தமக்கும் உறவில்லை என்றும் அறிவித்தார்கள். இவ்விரு செய்திகளையும் நமக்கு அறிவித்தவர் ஒருவரே. அவர் அபூஹுரைரா (ரலி). ஒருவர் வாயிலாக வந்த இரண்டில், நமக்கு வசதியான ஒன்றை மட்டும் மனனம் செய்துகொண்டோம். வீட்டில் மனைவி ஆக்கிய ஆணத்தில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கிற நம்மவர், கடையில் கெட்ட இறைச்சிக்குக் காசு கொடுத்துவிட்டுச் சுன்னத்தைக் காட்டி வாய்மூடி வருகிறார்கள். தலைகீழாக அல்லவா இருக்கிறது! வாய்மூட வேண்டிய இடம் வீடு. கை நுழைக்க வேண்டிய இடம் கடைவீதி.

இரண்டாம் மறுப்பு: “நம்மவர் கடையை நாமே தாழ்த்தலாமா? பிறர் சிரிக்க மாட்டார்களா?” பிறர் உண்ணாமலா இருக்கிறார்கள்? ‘பாய் கடை’ என்று தேடி வந்து இலையில் அமர்வோருள் பெரும்பாலோர் பிற சமயச் சகோதரர்களே. கைச்சுத்தமும் கைமணமும் ஒருங்கே உண்டு என்ற நம்பிக்கையில் அவர்கள் வருகிறார்கள். அந்த நல்ல பெயர் நம் பாட்டன்மார் தேடி வைத்த சொத்து. அதைச் செலவழித்துக்கொண்டிருப்பவரைத் தடுப்பவன் சமுதாயத்துக்குப் பகையா, செலவழிப்பவனா?

மூன்றாம் மறுப்பு: “விலைவாசி ஏறிவிட்டது, இந்த விலைக்கு இதுதான் கிடைக்கும்.” விலை ஏறியது மெய். ஆயின் விலையை உயர்த்துவதும் அளவைக் குறைப்பதும் வணிகரின் உரிமை. வாடிக்கையாளர் அறிந்தே வாங்குவார். கெட்டதை நல்லதென்று கொடுக்க எவ்விலையும் உரிமை தருவதில்லை. ஆம்பூர்ச் சந்துக்கடையில் நாம் கொடுத்தது நெடுஞ்சாலைக் கடையில் கொடுத்ததைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இவ்வளவு பேசும் நீர் என்ன செய்தீர் என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். அந்தப் பயணத்தின் மிக மோசமான உணவை இதுவரை நாம் சொல்லவில்லை, சொல்ல நாணமாயிருந்தது.

நம்மிடம் சில ஆண்டுகள் ஓதி, இடையில் நிறுத்தி, வளைகுடா நாடு சென்று பொருளீட்டித் திரும்பிய ஒருவர் புறவழிச் சாலையில் உணவுக்கடை நடத்துகிறார். நம்மைக் கண்டதும் ஓடி வந்து கைப்பற்றினார். நாற்காலியைத் தம் கையாலேயே துடைத்து அமர்த்தினார். அவர் அன்பில் குறையில்லை. ஆனால் அவர் வைத்த கோழிப் பொரியல் கருகிய எண்ணெய் நாற்றம் வீசியது. சோற்றில் அதே சாயம். உள்ளிருந்த இறைச்சியில் முந்தைய நாளின் வாடை. காசு எடுத்தபோது, “ஹஜ்ரத்திடம் காசு வாங்குவதா?” என்று கையைத் தள்ளினார். “எப்படி இருந்தது ஹஜ்ரத்?” என்றும் கேட்டார். “மாஷா அல்லாஹ், நன்றாயிருந்தது” என்றோம்.

ஹலாலும் தய்யிபும் பற்றி அவருக்குப் பாடம் சொன்ன வாய் அது. அன்றிரவு வயிறு வருந்தியது. அதைவிட நெஞ்சு வருந்தியது. நம் பக்கத்து மேசையில் ஒரு கட்டடத் தொழிலாளி, மனைவியும் இரு பிள்ளைகளுமாக அமர்ந்திருந்தார். அன்றைய கூலியில் ஒரு பகுதியை எண்ணிக் கொடுத்து அதையே உண்டார். அவருக்காக ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டியவர் நாம். ஓர் இலவசச் சோறு நம் நாவை வாங்கிவிட்டது. ஊரில் ஆலிமுக்கும் ஜமாஅத் தலைவருக்கும் நல்ல துண்டு தனியாக வருகிறது, பணம் மறுக்கப்படுகிறது, ஆகவே கடைகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. இவ்வழக்கத்துக்கு நாம் மரியாதை என்று பெயரிட்டிருக்கிறோம்.

நம் முன்னோர் இப்படி விட்டுவைக்கவில்லை. அங்காடிகளைக் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ எனும் அதிகாரியை நியமித்தார்கள். அவருக்கு வழிகாட்டியாகக் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்ற அறிஞர் ஒரு நூல் யாத்தார். ரொட்டி சுடுவோர், சமைப்போர், இறைச்சி வாட்டுவோர், ஹரீஸா ஆக்குவோர் எனத் தொழில்தோறும் அதில் தனித் தலைப்பு உண்டு. பாத்திரங்களை மூடிவைத்து ஈ அண்டாமல் காக்கச் சமையற்காரருக்குக் கட்டளையிடுவது அவ்வதிகாரியின் கடமை என்கிறது அந்நூல்.

இன்று அப்பணியை நாட்டுச் சட்டம் மேற்கொண்டிருக்கிறது. 2006இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் விதிகள் 2011 முதல் நடைமுறையில் உள்ளன. கடைக்காரர் 14 இலக்க எண்ணுடைய உரிமத்தையோ பதிவுச் சான்றையோ மக்கள் காணுமிடத்தில் வைக்க வேண்டும். பிரியாணியில் செயற்கைச் சாயம் சேர்க்க அவ்விதிகள் இடந்தரவில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் கேடான பொருள்கள் 25 விழுக்காட்டைக் கடந்தால் அதைப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததைப் பலரும் அறிவர். சட்டம் இருக்கிறது, கேட்பார்தான் இல்லை. பச்சைப் பலகையைப் பார்க்கும் கண், பக்கத்தில் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இரு வாரங்கள் கழித்து அம்மாணவரிடம் மறுபடியும் போனோம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, தனியே அழைத்து, கண்டதையெல்லாம் சொன்னோம். அன்று நாம் பொய்யுரைத்ததையும் சொன்னோம். நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, “இதை அன்றே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத். இந்த இரண்டு வாரமும் அதைத்தானே விற்றேன்?” என்றார். சற்றுப் பொறுத்து, “சாயம் போடாவிட்டால், இது பிரியாணியே இல்லை என்று நம்மவர்கள்தாம் திருப்பி அனுப்புகிறார்கள், வலீமாவுக்குச் சொல்ல வருபவர்களும் நிறம் தூக்கலாக இருக்கட்டும் என்கிறார்கள்” என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அது நமக்குரிய கேள்வியும் அன்று. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குரியது.

ஆதலின் குடும்பத் தலைவர்களையும் தலைவியரையும் வேண்டுகிறோம். சாயத்தைக் கேட்டு வாங்காதீர்கள். எண்ணெய் எப்போது மாற்றியது என்று நாணாமல் கேளுங்கள். குறை கண்டால் முதலில் கடைக்காரரிடம் தனியே சொல்லுங்கள், திருந்தவில்லையேல் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள், அது காட்டிக்கொடுப்பதாகாது. நல்ல கடையைக் கண்டால் நாலு பேரிடம் சொல்லுங்கள். மணி இரண்டுக்கு முன்பே தீர்ந்துபோகும் தேக்சாவுக்கு அதுவே நாம் தரும் பரிசு. அறிஞர் பெருமக்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: உண்ட சோற்றுக்குக் காசு கொடுத்துவிட்டு எழுங்கள். காசு கொடுத்தவனுக்குத்தான் அங்கே நாவு இருக்கிறது.