ஒரு பெயரில் இரண்டு மீன்கள்

ஸ்ரீரங்கப்பட்டணத் தீவை இரு கைகளாலும் அணைத்து ஓடும் காவிரிக்கே உரிய மீன் ஒன்று உண்டு. முதுகில் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்புகள். 1946இல் மைசூருவின் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் தூண்டிலிட்டுப் பிடித்த மகசீரின் எடை 120 ராத்தல். ஏறத்தாழ 54 கிலோ. தூண்டில்காரர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றிருந்த இந்தத் திமில் மகசீர் எந்த இனம் என்பது உறுதியானது 2018இல்தான்: டோர் ரெமாதேவி. அதே ஆண்டு உலகச் செம்பட்டியல் அதை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தது. பெயர் சூட்டவே இவ்வளவு தாமதம்!

இடையில் நடந்ததுதான் வேதனை. மகசீர் குறைகிறது என்ற கவலையில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவிலிருந்த டாடா மின் நிறுவனத்தின் மீன் பண்ணை 1970களில் நீலத்துடுப்பு மகசீரைப் பெருக்கிப் பல மாநிலங்களுக்குக் குஞ்சுகளை வழங்கியது. காவிரியிலும் அவை விடப்பட்டன. நோக்கத்தில் பிழையில்லை, பிழை சொல்லில் இருந்தது. 'மகசீர்' என்னும் ஒரே சொல் பல இனங்களைப் போர்த்தியிருந்ததால், ஒன்று குறைந்த இடத்தை மற்றொன்றால் நிரப்பலாம் என்று தோன்றியது. தூண்டில் முகாம்களின் பதிவேடுகளில் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை ஏறியது. ஏறியது நீலத்துடுப்பு, திமில் மகசீர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

இனி அஞ்சவேண்டியது கலப்பு. இரண்டும் ஒரே பேரினத்தவை. அமெரிக்காவின் ஃபிளாட்ஹெட் ஆற்றுப் படுகையில், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரௌட் மீன் நாட்டு டிரௌட்டோடு கலந்தது. நீர் வெப்பமடைந்ததும் வசந்தகால வெள்ளம் தணிந்ததும் அக்கலப்பை மேலும் பரப்பின என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் கிருஷ்ணராஜசாகருக்குக் கீழே காவிரியும் மடுக்களாகச் சுருங்குகிறது. மடு சுருங்கினால் இனங்களுக்கிடையே உள்ள தொலைவும் சுருங்கும். அழிந்துவரும் மீனைக் காத்துப் பெருக்க வழியுண்டு. கலந்துபோன மரபைப் பிரித்தெடுக்க வழியில்லை.

திமில் மகசீர் இன்றும் வாழும் நீர்களுள் மோயாறு முதன்மையானது. குஞ்சு விடும் திட்டங்களோ இன்னமும் எண்ணிக்கையிலேயே பெருமை கொள்கின்றன. எந்த இனம், எந்த ஆற்றின் வழிவந்தது என்று மரபணுச் சோதனையில் தெளியாமல் காவிரிப் படுகையில் ஒரு குஞ்சும் விடப்படலாகாது. மோயாற்றில் நீலத்துடுப்பு எக்காரணத்தாலும் கூடாது.